குளத்தங்கரைத் தோட்டக்காரர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் பௌர்ணமித் திருவிழாக்களைப் பற்றிக் கேட்டிருந்தார். பதிலில் பெங்களூரில் திகளர்கள் என்ற தோட்டக்காரச் சமூகத்தார் திரௌபதி அம்மனுக்கு எடுக்கும் கரகத்தைப் பற்றி, அது வழியில் ஒரு தர்காவுக்கும் போகும் என்று, நாலு வரி சேர்த்திருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதம் அதிகம். வீரவநல்லூர், கடையம், ஆத்தூர் என்று தாமிரபரணிப் பக்கம் பாதி ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை பெங்களூரில் இருக்கிற காலம் இது, அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இந்தத் தடவை இதை மட்டும் பேசுவோம்.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா வீட்டுக்குள் தமிழ் மாதிரி ஒன்று பேசுகிறார். "நீங்க தமிழா?" என்று கேட்டால், "இல்லை, நாங்க திகளரு" என்கிறாராம். யார் இவர்கள்?
– வாசகி, வீரவநல்லூர்

அந்த அம்மா சொன்னது சரிதான் தாயி. பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கோலார், துமகூரு, ராமநகரப் பக்கங்களிலும் பரம்பரையாகத் தோட்டவேலை செய்து வந்த சமூகம் திகளர். கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி, பூ, பழம் என்று ஊருக்குத் தினமும் வேண்டியதையெல்லாம் ஊரை ஒட்டியே விளைவித்துக் கொடுத்தவர்கள். அவர்களில் பெரும் பிரிவு தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்ளும். வன்னி என்றால் நெருப்பு, நெருப்பில் பிறந்த குலம் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வட மாவட்டங்களில் வன்னியர்கள் சொல்வதும் இதே கதைதான். திகளரில் வேறு பிரிவுகளும் உண்டு. எல்லாரும் தமிழ் பேசுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சில வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் கலந்த பழைய தமிழ், சில வீடுகளில் முழுக்கக் கன்னடம்.

இதில் உங்கள் மகள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கன்னடத்தில் "திகள" என்ற சொல்லுக்குத் தமிழர் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருளில் சொல்லும்போது சில நேரம் அதில் ஒரு குத்தல் இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரம்மா தன் சமூகத்தின் பெயராக அதைச் சொல்லும்போது பெருமையாகத்தான் சொல்கிறார். அதனால் "அப்போ நீங்களும் எங்க ஆளுதானே" என்று விடாமல் கேட்கக் கூடாது. பல தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கிறவர்களிடம் போய் நீ எந்த ஊர் என்று கேட்பது மரியாதை இல்லை. தோட்டத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள், அந்த அம்மா தானாகவே எல்லாம் பேசுவார்.

பெங்களூர் லால்பாக் பூங்காவை உருவாக்கியதே இந்தத் திகளர்கள்தான் என்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி டவுண்

லால்பாக் தோட்டத்தை ஆரம்பித்தது ஹைதர் அலி, 1760-ல். திப்பு அதை விரிவாக்கினார். ஹைதர் தமிழ்ப் பகுதியிலிருந்து தோட்டக்காரர்களைக் கூட்டி வந்தார், திகளர்கள் அப்படி வந்தவர்கள் என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு கூட்டம் முன்னால் வந்திருக்கலாம், இன்னொரு கூட்டம் பின்னால் வந்திருக்கலாம், இரண்டும் உண்மையாக இருப்பதில் தடையொன்றும் இல்லை. லால்பாக்கில் மண்ணைக் கொத்தியது திகளர்களின் கைகள் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை கிடையாது. இன்றைக்கு அந்தத் தோட்டம் 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், பாத்தி பிடித்தவன் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இருக்காது, அது எனக்கு ஒவ்வொரு தடவையும் உறுத்தும்.

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் சௌசௌ வாங்கும்போது கடைக்காரர் "பெங்களூர் கத்தரிக்கா" என்பார், கவனித்திருப்பீர்கள். மெக்சிகோ பக்கத்துக் காய் அது, லால்பாக் வழியாகத்தான் இந்தப் பக்கமெல்லாம் பரவியது என்பார்கள்.

கரகம் என்றால் நம்ம ஊர்க் கரகாட்டம்தானே? ஆண் ஏன் சேலை கட்டிக்கொண்டு எடுக்கிறார்?
– வாசகர், பாளையங்கோட்டை

பெயர் ஒன்றுதான், ஆனால் நீங்கள் கோயில் கொடையில் நையாண்டி மேளத்தோடு பார்க்கிற ஆட்டக் கரகம் இல்லை இது. அம்மன் கோயிலில் ஆற்றங்கரையிலிருந்து வேப்பிலை சுற்றி எடுத்து வருவோமே சக்தி கரகம், அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. அங்கே அம்மன் திரௌபதி. நம்ம பக்கம் சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் என்று இருப்பதால் திரௌபதி அம்மன் நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. செஞ்சி, திருவண்ணாமலை, ஆர்க்காடு பக்கம் போனால் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து, தீமிதி. அந்த வழிபாட்டின் கன்னட நாட்டுக் கிளைதான் பெங்களூர்க் கரகம் என்று நான் நினைக்கிறேன்.

பெங்களூரின் பழைய பேட்டைக்குள் திகளர்பேட்டை என்று ஒரு தெருக்கூட்டம் இருக்கிறது. அங்கே தர்மராயசாமி கோயில். தர்மருக்கும் தம்பிமாருக்கும் திரௌபதிக்கும் கோயில். கதை என்னவென்றால், பாரதப் போரெல்லாம் முடிந்து பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடக்கும்போது திரௌபதி பின்தங்கி விழுந்துவிடுகிறாள். கண் விழித்துப் பார்த்தால் எதிரே திமிராசுரன். அவள் சக்தி வடிவம் எடுத்துத் தன் உடம்பிலிருந்தே வீரகுமாரர்களைப் படைக்கிறாள், அவர்கள் அசுரனை ஒழிக்கிறார்கள். ஒழித்த பிறகு பிள்ளைகள் தாயைப் போகவிடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த வருகைதான் கரகம். திகளர்கள் தங்களை அந்த வீரகுமாரர்களின் வழி என்கிறார்கள்.

கரகம் எடுப்பவர் அந்தச் சமூகத்துப் பூசாரி. பல மாதம் முன்பிருந்தே விரதம், உடற்பயிற்சி. அங்கே கன்னடத்தில் "கரடி மனை" என்று சொல்லும் உடற்பயிற்சிக்கூடங்கள் உண்டு, நம்ம சிலம்பக்கூடம் மாதிரி. அன்றைக்கு இரவு அவர் மஞ்சள் சேலை கட்டி, வளையல் போட்டு, குங்குமம் வைத்து, கழுத்தில் தாலியோடு வருவார். அந்தத் தாலி அவருடைய மனைவியின் தாலி. மனைவி கழற்றிக் கொடுத்துவிட்டுத் திருவிழா முடியும்வரை கணவன் முகத்தைப் பார்க்காமல் தனியாக இருப்பார், முடிந்ததும் அவர் மறுபடி கட்டிவிடுவார். கரகம் எடுப்பவரின் விரதத்தை எல்லாரும் எழுதுகிறார்கள். வீட்டில் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்து, வெளியே கேட்கிற மேளத்தை வைத்து இப்போது எந்தத் தெருவில் வருகிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணின் விரதம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆண் சேலை கட்டுவதில் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது அண்ணாச்சி? குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு நம்ம ஆட்கள் நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து காளி வேஷம் போடுகிறார்களே. கடையில் டீ ஆற்றுகிறவர், லாரி ஓட்டுகிறவர், அந்த வேஷம் போட்ட பிறகு வீட்டுக்காரி கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேஷத்துக்குள் அம்மன் வந்துவிட்டாள் என்பதுதான் இரண்டு இடத்திலும் நம்பிக்கை.

நான் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன். கரகம் கோயிலை விட்டுக் கிளம்புவதற்கே நடு இரவு தாண்டிவிடும். திகளர்பேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில், மூன்று தலைமுறைப் பெண்களோடு இடித்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது பூவாசம். ஆள் இன்னும் தெரு முனையில்கூடத் தெரியவில்லை, மல்லிகை வாசம் மட்டும் சந்துக்குள் வந்துவிட்டது. அப்புறம் வீரகுமாரர்கள், வெள்ளை வேட்டி, திறந்த மார்பு, கையில் உருவிய கத்தி, "திக்தி, திக்தி" என்று ஒரே குரல். கத்தியை மார்பில் தட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கு அலகு சேவை என்று பெயர். என் பக்கத்தில் நின்ற ஆச்சி என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் இழுத்து, "நில்லு கண்ணு, அம்மா வரா" என்றார், தமிழில். அவர் விரலெல்லாம் மருதாணி வைத்த மாதிரி கருஞ்சிவப்பு. கேட்டேன். மருதாணி இல்லையாம், வயசுக்காலம் முழுக்கக் கீரை பிடுங்கிக் கட்டு கட்டிய கறையாம், தோட்டம் போய் இருபது வருஷம் ஆன பிறகும் போகவில்லை என்றார்.

கரகம் அந்த நேரம் எங்களைக் கடந்தது. தலையில் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் மல்லிகைக் கோபுரம், கை வைத்துப் பிடிக்காமல் அவர் ஓடுகிற மாதிரி ஆடிக்கொண்டே போனார். கரகம் சாய்ந்தால் வீரகுமாரர்கள் அவரை வெட்டிவிட வேண்டும் என்பது பழைய விதி. அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அந்தக் கத்திகளுக்கு நடுவே அவர் காலை வைக்கிற விதத்தைப் பார்த்தால் அந்த விதி அவருக்கு நினைவில் இருக்கிறது என்று தெரியும்.

கரகம் தர்காவுக்குப் போகும் என்று எழுதியிருந்தீர்கள். அது நிஜமா, இல்லை சமீபத்தில் சேர்த்துக்கொண்டதா?
– வாசகர், கடையம்

நிஜம்தான், பழைய வழக்கமும்கூட. காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் என்ற சூஃபியின் தர்கா இருக்கிறது. கரகம் அங்கே போய் நின்று மரியாதை செய்துவிட்டுத்தான் மேலே நடக்கும், தர்காவில் இருப்பவர்கள் காத்திருந்து வரவேற்பார்கள். இடையில் இது வேண்டாம் என்று சிலர் குரல் எழுப்பினார்கள். கோயில் தரப்பில் வழக்கம் வழக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள், கரகமும் போனது.

கடையத்துக்காரர் நீங்கள் இதைக் கேட்பதுதான் எனக்குச் சந்தோஷம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் இருக்கிறதே. கோயில் மண்டபம் மாதிரியே தூண் வைத்துக் கட்டிய பள்ளிவாசல். என் ஆச்சிக்கு மாடு கன்று ஈனாமல் சிரமப்பட்டால் நேர்ச்சை அங்கேதான், சாமி வேறு என்று அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

எப்போது போனால் பார்க்கலாம்?
– வாசகர், சேரன்மகாதேவி

உகாதி கழிந்து வருகிற முதல் பௌர்ணமி இரவு. சப்தமியில் கொடியேறும். இதைச் சித்ரா பௌர்ணமி என்று நினைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அவர்கள் கணக்கு சந்திர மாதம், நம்ம கணக்கு சூரிய மாதம். 2024-ல் இரண்டும் ஒரே நாளில், ஏப்ரல் 23-ல் வந்தது. 2025-ல் கரகம் ஏப்ரல் 12, நம்ம சித்ரா பௌர்ணமி மே 12. ஒரு மாத வித்தியாசம். பெங்களூரில் கூட்டம் தாங்காது என்றால் ஆனேக்கல், ஹொஸ்கோட்டே, கோலார் இங்கெல்லாமும் கரகம் உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் அந்தச் சின்ன ஊர்கள்தான் நல்லது.

நான் ஆத்தூர்ப் பக்கம் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருக்கிறேன். எங்கள் கொடிக்காலில் செருப்புப் போட மாட்டோம், இன்னும் பல கட்டுப்பாடுகள் உண்டு. அந்தத் தோட்டக்காரர்களுக்கும் இப்படி உண்டா? இதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறான் என் பையன்.
– வாசகர், ஆத்தூர்

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். என் அம்மையைப் பெற்ற தாத்தா முக்காணிப் பக்கம் கொடிக்கால் வைத்திருந்தவர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாத்தாவின் கொடிக்காலுக்குள் நுழைய வேலிப்படல் ஒன்று இருக்கும். அதற்கு வெளியேதான் செருப்பு. உள்ளே துப்பக் கூடாது. துஷ்டி (இழவு) வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே போனால் அகத்தி நிழல், சித்திரை வெயிலிலும் தரை சில்லென்று இருக்கும். வரிசையாக அகத்தி, அதில் ஏறிய கொடி, இரண்டு பாத்திக்கு நடுவே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிற வாய்க்கால். தாத்தா அதில் இறங்கி நின்று இரண்டு பக்கமும் தண்ணீரை அள்ளி விசிறுவார். வெற்றிலை கிள்ளுகிற நாளில் வலது கட்டைவிரலில் தகரத்தில் செய்த ஒரு நகம் மாட்டியிருப்பார். காம்பில் அந்த நகம் படும்போது "டிக்" என்று சன்னமாக ஒரு சத்தம் வரும், விடியற்காலையில் நாலு பேர் கிள்ளினால் கொடிக்கால் முழுக்க அந்தச் சத்தம்தான். நூறு வெற்றிலை ஒரு கவுளி. எண்ணிப் பார்க்க மாட்டார், அடுக்கும்போது விரலே எண்ணிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை கொடியை அகத்தியிலிருந்து இறக்கி, சுருட்டி, அடியில் மண்ணுக்குள் வைத்து நுனியை மட்டும் மேலே விடுவார்கள். பழைய கொடியிலிருந்தே புதுக் கொடி கிளம்பும். சின்ன வயதில் அதைப் பார்த்து, கொடியைப் புதைக்கிறார்கள் என்று நான் அழுததாக அம்மை சொல்வாள்.

இப்போது உங்கள் பையன் கேள்விக்கு வருவோம். கொடிக்குப் பெரிய எதிரி வாடல் நோய். அது மண்ணோடும் தண்ணீரோடும் பரவும். பக்கத்துத் தோட்டத்து மண் உங்கள் செருப்பில் ஒட்டி வந்தாலே போதும், ஒரு பாத்தி போய்விடும். செருப்பைக் கழற்றச் சொன்ன பெரியவர்களுக்குக் கிருமியின் பெயர் தெரியாது. ஆனால் யார் வந்துபோன பிறகு கொடி வாடியது என்று பார்த்துப் பார்த்து வைத்த விதி அது. அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது தம்பி. அதே சமயம், மாதவிலக்கு நாளில் பெண்கள் நுழையக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் எங்கள் தாத்தா தோட்டத்தில் இருந்தது. அதற்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அம்மைக்கு அது மனவருத்தம், கடைசிவரை ஆறவில்லை. அதை விட்டுவிடலாம், செருப்பு விதியை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக எடுத்து எதற்கு வந்தது என்று பார்க்க வேண்டும். மொத்தமாகத் தூக்கி எறிவதும் தப்பு, மொத்தமாகக் கட்டிக் காப்பதும் தப்பு. உங்கள் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றியதில் வேலிப்படலுக்கு வெளியே கிடந்த செருப்புகளுக்கும் பங்கு உண்டு.

திகளர்களின் தோட்ட வழக்கத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது தண்ணீரோடு அவர்களுக்கு உள்ள கட்டு. நமக்குத் தாமிரபரணி இருக்கிறது. பெங்களூருக்கு அப்படி ஒரு ஆறு கிடையாது, ஏரி குளம்தான். கெம்பேகவுடா 1537-ல் ஊரை அமைத்த காலத்திலிருந்து குளம் வெட்டுவதுதான் அங்கே ஊர் நடத்துவது. குளத்துக்குக் கீழே தோட்டம், தோட்டத்துக்குள் திகளர். சம்பங்கிக் குளத்தங்கரை முழுக்க அவர்கள் காய்கறி போட்ட இடம். அதனால்தான் கரகம் கோயிலில் பிறப்பதில்லை, குளத்தில் பிறக்கிறது. பௌர்ணமிக்கு முன்னால் "ஹசி கரகம்" என்று ஒன்று எடுப்பார்கள். ஹசி என்றால் பச்சை, பச்சை மண், சூளையில் சுடாத கலயம். அதைக் குளத்தங்கரையில் பூசை செய்துதான் கோயிலுக்கு எடுத்து வருவார்கள். கலயத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்தச் சம்பங்கிக் குளம் இன்றைக்குக் கண்டீரவா ஸ்டேடியம். தர்மாம்புதி என்று இன்னொரு பெரிய குளம் இருந்தது, நீங்கள் பெங்களூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்பது அந்தக் குளத்துக்குள்தான். ஸ்டேடியம் பக்கத்தில் கரகத்துக்காகவே ஒரு துண்டுக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். தோட்டம் போய்விட்டது, பாத்தி போய்விட்டது, அந்த ஆச்சியின் விரலில் கறை மட்டும் இருக்கிறது. ஆனாலும் வருஷா வருஷம் பச்சை மண் கலயம் அந்தத் துண்டுக் குளத்துக்குத்தான் போகிறது. இந்தக் கரகம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் துண்டையும் மூடியிருப்பார்கள், இதை நான் உறுதியாக நம்புகிறேன். நம்ம ஊர்க் குளங்களுக்கும் இப்படி ஒரு கட்டு வேண்டும். நயினார்குளத்தில் தண்ணீர் நிற்கிறதா ஆகாயத்தாமரை நிற்கிறதா என்று மார்க்கெட்டுக்குப் போகிற எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

சங்கரன்கோவில் பக்கம் மல்லி, பிச்சி போட்டிருக்கிறோம். நல்ல வருமானம் உண்டு. ஆனாலும் "பையன் தோட்டவேலை" என்றதும் பெண் தர மறுக்கிறார்கள். அவன் பேசாமல் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான். என்ன செய்ய?
– ஒரு அம்மா, சங்கரன்கோவில் வட்டாரம்

இந்தக் கேள்வியை ஏன் இந்த இதழில் சேர்த்தேன் என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன் அம்மா. அந்தக் கரக இரவில் ஒரு வீரகுமாரரோடு பேசிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் கார் ஓட்டுகிறவர். அப்பா காலத்தில் தோட்டம் இருந்ததாம், இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி. "கரகத்துக்கு அத்தனை மல்லிகையும் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறோம் சார், எங்க தாத்தா தோட்டத்துப் பூ ஒரு முழம்கூட அதில் இல்லை" என்றார். அதைச் சொல்லும்போது கத்தியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

உங்கள் பையனிடம் இன்னும் தோட்டம் இருக்கிறது. அவன் போகிறேன் என்றால் கட்டிப்போட முடியாது, போகக் கூடாது என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் பெண் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போக வேண்டாம். மல்லிகை விலை ஏறி இறங்குவது பெண் வீட்டாருக்கும் தெரியும், அவர்கள் பயம் அதுதான். கார்த்திகை, மார்கழிப் பனியில் பூ குறைந்து விலை எகிறும், சித்திரை வைகாசியில் பூ கொட்டி விலை விழும். அதனால் ஒரு மாதக் கணக்கைச் சொல்லாதீர்கள், மூன்று வருஷக் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டுங்கள். மாதச் சம்பளக்காரன் வருஷ வருமானத்தோடு வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் பெண்ணுக்கு என்ன வேலை இருக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இருட்டோடு எழுந்து பூ எடுக்க வேண்டுமா, வேண்டாமா? பல பெண்கள் மறுப்பது தோட்டத்தை இல்லை, அந்த மூன்று மணியை. அவளைப் பூ எடுக்கக் கூப்பிட மாட்டோம், படித்த வேலைக்குப் போகலாம் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

வீரவநல்லூர் வாசகி மறுபடி எழுதியிருக்கிறார்: அடுத்த மாதம் மகளைப் பார்க்கப் போகிறேன். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம்? அல்வாதான் எல்லாரும் கொண்டுபோகிறார்கள்.

அல்வா இருக்கட்டும், அதோடு ஆத்தூர் வெற்றிலை இரண்டு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுக்கொடி கேளுங்கள், காரம் நல்லா இருக்கும். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் வாங்கினால் போதும். ஈரத்துணியில் சுற்றி, வெளியே வாழையிலை சுற்றி, ரயிலில் மேல் பலகையில் காற்றுப் படுகிற மாதிரி வையுங்கள். பெட்டிக்குள் வைத்து அமுக்கினால் விடிவதற்குள் கருத்துவிடும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பிரித்து, தண்ணீர் தெளித்துக் கொடுத்துவிடுங்கள். தோட்டக்காரக் குடும்பம், காம்பைப் பார்த்ததும் என்றைக்குக் கிள்ளியது என்று கேட்பார். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.